சிவந்தா தானா விட்டுரும்

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் சொல்லப்போறது அரை மணி நேரத்துல அடுப்புலயே முடியற ஒரு கோழி சமையல், கிரீஸ், இத்தாலி, லெபனான்னு மத்தியதரைக் கடல சுத்தி இருக்குற ஊர்கள்ல ஆலிவ் எண்ணெய், பூண்டு, தக்காளி, எலுமிச்சை வச்சு செய்யற மாதிரி. நம்ம வறுத்தரச்ச கோழிக்கு ஈடு கிடையாது, ஆனா தக்கலைல பஸ் புடிச்சு ராத்திரி ஏழு மணிக்கு வீடு வந்து சேர்றவங்களுக்கு தேங்கா வறுத்து அரைக்க எங்க நேரம்?

எங்க அண்ணன் மஸ்கட்ல ஹோட்டல் கிச்சன்ல வேலை பாத்தாரு, லீவுக்கு வந்தப்ப அவருதான் சொல்லித்தந்தாரு. எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரை கிலோ, தடியா இருந்தா குறுக்க பிளந்து அரை இஞ்சு கனமாக்கிடுங்க. அப்புறம் டிஷ்யூ பேப்பரால ஒத்தி ஒத்தி ஈரத்த எடுக்கணும். நான் முதல் தடவ ஈரத்தோட போட்டு, தண்ணி விட்டு வெந்துச்சே தவிர சிவக்கவே இல்ல, வெள்ளவெளேர்னு இருந்துச்சு. ஈரம் இருக்குற வரைக்கும் சூடெல்லாம் தண்ணிய ஆவியாக்கவே சரியா போயிரும், அதான் காரணம்.

உப்பு, பொடிச்ச நல்லமிளகு தடவி வச்சுட்டு, கனமான சட்டிய காயவச்சு ரெண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விடுங்க. எண்ணெய் லேசா நெளியும்போது கறிய போட்டா சொய்ங்குன்னு கேக்கணும், கேக்கலன்னா சட்டி இன்னும் காயல. இனிதான் கஷ்டமே, அஞ்சு நிமிஷம் தொடக்கூடாது. கிண்டிக்கிட்டே இருந்து பழகுன கை நமக்கு, சும்மா நிக்காது. ஓரத்த தூக்கி பாத்து ஒட்டிப்புடிச்சுதுன்னா வம்புக்கு இழுக்காதீங்க, சிவந்துட்டா அதுவா விட்டுரும். மறுபக்கம் நாலு நிமிஷம், எடுத்து தட்டுல வச்சுருங்க.

அடில பழுப்பா புடிச்சிருக்கும், கருகிட்டுன்னு கழுவிராதீங்க, ருசி மொத்தமும் அங்கதான் இருக்கு. தீய குறைச்சு ஆறு பல்லு பூண்டு தட்டிப்போட்டு, செவக்குறதுக்குள்ள மூணு தக்காளி பொடியா வெட்டி போடுங்க, அது விடுற தண்ணில மரக்கரண்டியால சுரண்டுனா அந்த பழுப்பெல்லாம் கரைஞ்சு வரும். பத்து ஆலிவ் காய், அது உப்புத்தண்ணில ஊறுனதுங்கிறதால ருசி பாக்காம மேல உப்பு போடாதீங்க. ஆரிகானோங்கிற காஞ்ச வாசனை இலை ஒரு ஸ்பூன். இல்லன்னா முத்தத்துல நிக்கற கற்பூரவல்லி ரெண்டே இலை நறுக்கி போடுங்க, ரெண்டுலயும் கார்வக்ரால்ங்கிற ஒரே வாசனைப் பொருள் இருக்கு, ஆனா மூணாவது இலை போட்டா இருமல் கஷாயம் மாதிரி ஆயிரும்.

கறிய திரும்ப உள்ள வச்சு மூடி, நாலஞ்சு நிமிஷம். தடிச்ச துண்ட வெட்டிப் பாருங்க, நடுவுல ரோஸ் நிறம் இருந்தா இன்னும் கொஞ்சம் வேகட்டும். அடுப்ப அணைச்ச பிறகுதான் அரை எலுமிச்சை பிழியணும்.

மத்தியதரைக் கடல் பக்கம் இத ரொட்டி வச்சு சாப்புடுவாங்க. எங்க வீட்ல மரச்சீனி அவிச்சு அந்த தக்காளி சாறுல முக்கி சாப்புடுறோம், பிள்ளைங்க சட்டிய வழிச்சு எடுத்துருது. நன்றி, வணக்கம்.