பெட்டி கட்டுவது யார் வேலை?

எல்லோருக்கும் வணக்கம். விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது பதற்றமில்லாமல் பெட்டி கட்டுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சட்டையைச் சுருட்டுவதா மடிப்பதா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அதுவும் வரும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் பெட்டி கட்டுவது யார்?

பல வீடுகளில் ஒரே ஆள்தான். பெரும்பாலும் அம்மா. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? "சார்ஜரை எடுத்து வைத்தாச்சா?" "என் நீலச் சட்டை எங்கே?" என்று கேட்கிறார்கள். கேட்பதையே உதவி என்று நினைத்துக்கொள்கிறார்கள்! யாருக்கு எந்த மருந்து, யாருக்கு எத்தனை உடை, எந்தக் காகிதம் எங்கே என்பதெல்லாம் ஒரே தலைக்குள் ஓடுகிறது. பதற்றம் பிறப்பது இந்த ஏற்பாட்டில்தான். பெரிய பெட்டி வாங்கினாலும் இது தீராது.

தலையில் இருப்பதை முதலில் காகிதத்துக்கு மாற்ற வேண்டும். 1935 அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் ஓஹியோவில் ஒரு சோதனைப் பறப்பு. ராணுவத்துக்குக் காட்டுவதற்காக போயிங் நிறுவனம் உருவாக்கிய மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் விமானம். மேலே எழும்பிய சற்று நேரத்திலேயே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் தேர்ந்த விமானி. எஞ்சினிலும் கோளாறு இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது வால் பகுதியின் பாகங்கள் காற்றில் ஆடாமலிருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதற்குப் பிறகுதான் விமானிகளின் கையில் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. அதே வகை விமானம் பின்னால் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. தேர்ந்த விமானிக்கே ஞாபகம் மட்டும் போதவில்லை. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பெட்டி கட்டுகிறவருக்கு எப்படிப் போதும்?

சரி, எப்படிப்பட்ட பட்டியல்? இணையத்தில் கிடைக்கும் நூறு வரிப் பட்டியல் வேண்டாம். அதைப் படித்தாலே தேவையில்லாத பத்துப் பொருள்கள் பெட்டிக்குள் ஏறிவிடும். ஆளுக்கு ஒரு தாள். அவரவர் பெயர், அவரவர் கையெழுத்து. எழுதத் தெரிந்த குழந்தையும் எழுதட்டும். பொதுவான பொருள்களுக்கு மட்டும் தனித் தாள். அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்க வேண்டும். "நாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட வரியை யாரும் பார்ப்பதில்லை.

குழந்தைக்கு அது தானே தூக்கக்கூடிய அளவில் ஒரு பை கொடுங்கள். பிடித்த பொம்மையா, படப் புத்தகமா என்று அதுவே முடிவு செய்யட்டும். பெரியவர்கள் சரிபார்க்க வேண்டியவை மருந்து, கண்ணாடி, அடையாள ஆவணம், வானிலைக்கேற்ற ஓர் உடை. இதற்கு மேல் கை வைக்காதீர்கள். ஒரு பொருளை மறந்துவிட்டால் மறந்துவிட்டுப் போகட்டும். கண்டிப்பான பேச்சு என்று சிலருக்குத் தோன்றும். ஆனால் நள்ளிரவில் எல்லோருடைய பையையும் திறந்து திரும்ப அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

உடைக்கு வருவோம். எல்லா மேலுடையும் எல்லாக் கீழுடையோடும் பொருந்துகிற மாதிரி நிறம் எடுங்கள். ஐந்து மேலுடை, மூன்று கீழுடை என்றால் பதினைந்து விதமாக உடுத்தலாம். ஜீன்ஸ் கனம், துவைத்தால் காயவும் நேரமாகும். ஒன்று போதும், அதையும் பயணத்தன்று போட்டுக்கொள்ளுங்கள். டி-ஷர்ட் போன்றவற்றைச் சுருட்டலாம், இஸ்திரி போட்ட சட்டையை மடியுங்கள். காற்றை உறிஞ்சும் பைகளைப் பற்றிக் கேட்பீர்கள். அவை இடத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது. பெட்டியில் இடம் இருக்கிறதே என்று நிரப்பிவிட்டு, விமான நிலையத் தராசுக்கு முன்னால் பெட்டியைத் திறந்து உட்கார நேரிடும்.

விமானப் பயணம் என்றால் இன்னும் சில. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் சரக்குப் பகுதியில் யாரும் கை வைத்து அணைக்க முடியாது. ஒரு பவர் பேங்குக்குப் பொதுவான வரம்பு 100 வாட்-மணி, அதாவது அது சேமிக்கும் ஆற்றலின் அளவு. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட்-மணி, கவலையில்லை. பல விமான நிலையங்களில் கைப்பையில் போகும் திரவப் புட்டி ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். அன்றாட மருந்துகள், மருத்துவர் சீட்டோடு, உங்கள் கையிலேயே இருக்கட்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே வேண்டாம், அங்கே உறைந்துபோகும் அபாயம் உண்டு. அப்புறம், ஒவ்வொருவருடைய ஒரு செட் உடையையும் இன்னொருவர் பெட்டியில் மாற்றி வையுங்கள். ஒரு பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் யாரும் மாற்றுடை இல்லாமல் நிற்க வேண்டாம். வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட் காலாவதித் தேதியை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன.

நேரம் பற்றி ஒன்று. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே கணக்கிடுகிறார்கள் என்பதை கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதினார்கள். "ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்" என்று நம் வீட்டில் சொல்வதும் அதுதான். அதனால் இரண்டு மூன்று நாள் முன்பே பெட்டியைத் திறந்து வைத்து, கண்ணில் படுவதைப் போட்டுக்கொண்டே வாருங்கள். முந்தைய நாள் மாலை ஜிப்பை மூடிவிடுங்கள். பல் துலக்கும் பிரஷ், சார்ஜர், மூக்குக்கண்ணாடி போலக் காலைவரை கையில் இருப்பவற்றுக்கு ஒரு சின்னச் சீட்டு எழுதி வாசல் கதவில் ஒட்டுங்கள். கதவைப் பூட்டும் ஆள் அதைப் படித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

ஊர் திரும்பி அழுக்குத் துணியைப் பிரிக்கும்போதே அந்தத் தாள்களையும் வெளியே எடுங்கள். தொடாமல் திரும்பி வந்ததை அடித்துவிடுங்கள், அங்கே தேடியதைச் சேர்த்து எழுதுங்கள். தாள்களைக் காலிப் பெட்டிக்குள்ளேயே போட்டு மேலே ஏற்றிவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை. இனி நீங்கள் கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன்.