புல்லின் உயரம்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் டார்க்கிங் என்றொரு ஊர். அதை ஒட்டி எழும் நார்த் டவுன்ஸ் குன்றுகளில் டென்பீஸ் சரிவு என்ற புல்வெளி இருக்கிறது. சென்ற ஆகஸ்டில் ஒரு பகல் முழுவதும் அங்கே பட்டாம்பூச்சி பார்த்தேன், பெரும்பாலும் மண்டியிட்டபடி.

குன்று முழுக்கச் சீமைச் சுண்ணாம்பு. மேலே மெல்லிய படலமாக மண். பெய்த மழை தங்காது, சத்தும் குறைவு. அதனால் எந்தப் புல்லும் கொழுத்துப் பிற செடிகளை அமுக்க முடிவதில்லை. ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்வரை முளைக்கும்.

முற்பகலில் மேகம். நீலன்கள் எனப்படும் சிறு நீலப் பட்டாம்பூச்சிகள் புல் தண்டுகளில் இறகை மூடித் தலைகீழாக உட்கார்ந்திருந்தன. வெயில் வந்ததும் சரிவு முழுவதும் இறகடிப்பு. பால் கலந்தாற்போன்ற வெளிர்நீலம் சாக்ஹில் நீலன். கண்ணைக் கூசவைக்கும் வானநீலம் அடோனிஸ் நீலன். அதன் இறகின் வெள்ளை விளிம்பைக் கறுப்புக் கோடுகள் குறுக்கே வெட்டும். இந்த நீலம் ஆண்களுக்குத்தான், இரண்டு இனங்களிலும் பெண்கள் பழுப்பு. பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே தலைவலி. பாதையோரச் சாணியில் ஐந்தாறு சாக்ஹில் ஆண்கள் நெருக்கியடித்து உறிஞ்சு குழலை நீட்டியிருந்தன. தேனில் கிடைக்காத உப்புக்காகத்தான். அழகுக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை போலும்!

இரண்டின் புழுக்களும் தின்பது ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடியை மட்டுமே. புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்கும். சில வேளை மண்ணால் மூடியும் பாதுகாக்கும். அடோனிஸ் புழுவுக்குச் சூடான மண் வேண்டும். அதற்குப் புல் குட்டையாக இருக்க வேண்டும். 1953-இல் மிக்சோமடோசிஸ் நோய் பிரிட்டனுக்குள் நுழைந்து முயல்களைக் கொன்று குவித்தது. கொறிக்க ஆளில்லாமல் புல் ஓங்கியது. அடோனிஸ் பல குன்றுகளிலிருந்து மறைந்தது.

பெரிய நீலன் என்ற இன்னோர் இனத்தின் கதை இன்னும் கசப்பானது. அது அருகி வந்தபோது, பூச்சி பிடித்துச் சேகரிப்பவர்களைத்தான் எல்லோரும் குற்றம் சாட்டினார்கள். 1930களில் ஓரிடத்தில் அவர்களைத் தடுக்க வேலியே போட்டார்கள். வேலி ஆடுமாடுகளையும் சேர்த்துத் தடுத்தது. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, பெரிய நீலனின் புழுவைத் தன் கூட்டில் வளர்த்த சிவப்பெறும்பினம் போனது, பின்னாலேயே பட்டாம்பூச்சியும் போனது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்தார். ஆனால் 1979-இல் அந்த இனம் பிரிட்டனில் அற்றுப்போய்விட்டது. இன்று அங்கே பறப்பவை ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து குடியேற்றியவற்றின் வழி வந்தவை.

இத்தகைய சரிவுகளில் மாடு மேய்வதைப் பார்த்து, “பூவையெல்லாம் தின்கிறதே!” என்று பதறுகிறவர்கள் உண்டு. தின்னட்டும் என்பேன். அதற்காகத்தான் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஆகஸ்ட் நடுப்பகுதி ஏற்ற காலம். டார்க்கிங் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தண்ணீரும் தொப்பியும் வேண்டும், சரிவில் நிழல் கிடையாது. வணக்கம்.