எட்டுச் சட்டையும் எட்டுத் தெருவும்

வணக்கம். மூன்றாவது கட்சி என்று பேச்செடுத்தாலே நம்ம சேலத்து டீக்கடையில் ஒரே பதில்தான் வரும்: "ஓட்டை வீணாக்காதீங்க." இந்தப் பேச்சோடு எனக்கு ரொம்ப வருஷமாகச் சண்டை.

அஸ்தம்பட்டியில் எங்கள் தெருமுனையில் ஓர் இஸ்திரி வண்டிக்காரர் இருந்தார். 2006 சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த மறுநாள் சட்டை வாங்கப் போனேன். பெட்டியில் கரி சிவந்து கிடக்கிறது, மனுஷன் தேய்க்காமல் நிற்கிறார். "நூத்துக்கு எட்டுப் பேர் ஓட்டுப் போட்டிருக்கோம், ஒரே சீட்டா வாத்தியாரே?" விஜயகாந்தின் தேமுதிகவைச் சொல்கிறார். 8.4 சதவீத ஓட்டு, ஆனால் ஜெயித்தது விருத்தாசலத்தில் அவர் ஒருவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள், மடித்து வைத்த சட்டைகளைத் தட்டி அவரே சொன்னார்: "எட்டுச் சட்டையும் ஒரே தெருவுல இருந்து வந்தா அந்தத் தெரு என்னுது. எட்டுத் தெருவுல ஒண்ணொண்ணா வந்தா, எட்டுத் தெருவும் வேற வண்டிக்காரனுது."

அதேதாங்க விஷயம். தொகுதியில் முதலில் வருபவருக்கே சீட்டு, மற்றவர்கள் வாங்கிய ஓட்டு எண்ணி முடித்ததோடு சரி. 1996-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மதிமுக 5 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஒரு சீட் இல்லை. 4 சதவீதம்கூடத் தொடாத பாமகவுக்கு 4 சீட், ஏனென்றால் அவர்கள் ஓட்டு வட மாவட்டங்களில் திரண்டு கிடந்தது. எத்தனை சட்டை என்பதைவிட எந்தத் தெருச் சட்டை என்பதுதான் கணக்கு.

அப்புறம் கூட்டணி. 2011-ல் அதே தேமுதிக அதிமுகவோடு சேர்ந்தது. ஓட்டு சதவீதம் கொஞ்சம் குறையத்தான் செய்தது, சீட்டோ 29! நம்ம சேலம் வடக்கு, மேட்டூர் எல்லாம் அவர்களுக்கு, எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியும் கிடைத்தது. இது புதுசும் இல்லை. ஒரு காலத்தில் நம்ம சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சி 1962-ல் 6 இடம் பிடித்தது, 1967-ல் திமுகவோடு சேர்ந்து 20. அங்கேயும் ஓட்டு சதவீதம் இறங்கி, சீட் ஏறியது.

சரி, இஸ்திரிக்காரருக்கு 2011-ல் சந்தோஷமா என்றால், இல்லை. "ஜெயிச்சது நாமளா அவங்களா, தெரியலையே வாத்தியாரே" என்றார். அடுத்த வருஷமே அந்தக் கூட்டணி முறிந்தது. 2016-ல் மக்கள் நலக் கூட்டணியோடு நின்று தேமுதிக வாங்கியது 2.4 சதவீதம், சீட் ஒன்றுகூட இல்லை. பெரிய கட்சி கொடுக்கும் சீட் அது போனால் கூடவே போய்விடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மூன்றாவதாக வருகிறவர்கள் 234 தொகுதியிலும் ஆள் நிறுத்தாமல் முதலில் ஒரு தாலுகாவைப் பிடிக்கட்டும். ஏற்காடு மலையில் ஒரு கிராமத்து ரோட்டுக்காக ஐந்து வருஷம் அலைந்தவருக்கு விழும் ஓட்டை யாரும் வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். நியூசிலாந்து பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நம்மைப் போலவே ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் 1993-ல் மக்களையே கேட்டு முறையை மாற்றினார்கள். 1996-லிருந்து அங்கே ஆளுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. கட்சி ஓட்டில் 5 சதவீதம் தாண்டினால் அந்த அளவுக்குச் சீட் உண்டு. நம்ம இஸ்திரிக்காரரின் எட்டுச் சட்டையும் அங்கே கணக்கில் வந்திருக்கும். வணக்கம்.