அதட்டலா, ஒப்பந்தமா?

(2018 ஜனவரியில் அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பட்டிமன்றம் ஒன்றில் பேசியது)

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி ஓர் அருமையான கேள்வி கேட்டார்: "இந்தக் காலத்தில் சங்கம் எதற்கு?" எந்த மேடையில் நின்று கேட்டார்? தமிழ்ச் சங்க மேடையில்! பின்னால் பதாகையில் சங்கத்தின் பெயர். முன்வரிசையில் சங்கத் தலைவர். அவர் சட்டைப்பையில் சகோதரி குடும்பத்தின் இந்த ஆண்டுச் சந்தா ரசீது. பொங்கல் சாப்பாட்டுக்குச் சங்கம் வேண்டும், ஆலையில் உலோகத் தகடு வளைப்பவனுக்கு மட்டும் தொழிற்சங்கம் வேண்டாமா?

வரும் 20ஆம் தேதியோடு அதிபர் டிரம்ப் பதவியேற்று ஓராண்டு நிறைகிறது. அதையொட்டி நடுவர் கொடுத்த தலைப்பு: "தொழிலாளியின் வேலையைக் காப்பது அதிபரின் அதட்டலா, சங்கத்தின் ஒப்பந்தமா?" அதட்டல்தான் என்கிறது எதிரணி. ஆதாரமாக அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே பெயர், கேரியர். நான் வேறு எங்கும் ஓடப்போவதில்லை. அவர்கள் கூட்டிப்போன அதே ஆலை வாசலுக்கே வருகிறேன்.

கேரியர் என்றால் நம் ஊரில் குளிர்சாதனப் பெட்டி. இண்டியானாபொலிஸில் இருக்கும் கேரியர் ஆலையில் செய்வது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். 2016 பிப்ரவரியில் ஒரு நாள் தொழிலாளர்களை ஆலைக்குள் கூட்டி நிறுத்தி, உற்பத்தி மெக்சிகோவின் மான்டெரேக்குப் போகிறது என்று ஒரு மேலாளர் அறிவித்தார். சுமார் 1,400 பேரின் வேலை. "இது முழுக்க முழுக்க வணிக முடிவு" என்றார் அவர். கூட்டத்தில் ஒருவர் அதைக் கைபேசியில் பதிவு செய்ய, காணொளி நாடெங்கும் பரவியது. தேர்தல் களத்தில் இருந்த டிரம்ப் அதைப் பிடித்துக்கொண்டார். கேரியர் வெளியேறினால் அங்கிருந்து வரும் பொருளுக்கு 35 விழுக்காடு வரி என்று ஊர் ஊராக முழங்கினார்.

நவம்பரில் வென்றார். டிசம்பர் 1ஆம் தேதி ஆலைக்கே வந்து, வேலைகள் காப்பாற்றப்பட்டுவிட்டன என்று அறிவித்தார். எதிரணித் தலைவர் இந்தக் காட்சியை விவரித்தபோது அவர் குரல் தழுதழுத்தது. நானும் அன்று தொலைக்காட்சியில் பார்த்தேன். மகிழ்ச்சியாகவே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை தப்பியது என்பது சின்ன விஷயம் இல்லை. அதை மறுக்கிறவன் மனிதன் இல்லை. அந்த வரவை நான் எதிரணியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறேன்.

ஆனால், அன்று அதே மேடையில் அதிபர் தாமே சொன்ன ஒரு கதையை எதிரணி விட்டுவிட்டது. ஒரு வாரத்துக்கு முன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாராம். திரையில் ஒரு கேரியர் தொழிலாளி, "எங்கள் ஆலை போகாது, டிரம்ப் வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்றாராம். இவருக்கு வியப்பு. நான் எப்போது கொடுத்தேன்? அடுத்த நிமிடம் தொலைக்காட்சிக்காரர்கள் அவருடைய பழைய பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். அட, கொடுத்திருக்கிறேனே! உடனே தாய் நிறுவனமான யுனைடெட் டெக்னாலஜீஸின் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தாராம்.

நடுவர் அவர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொடுத்தவருக்கே நினைவில்லாத வாக்கு. அன்று மாலை அவர் வேறு அலைவரிசை பார்த்திருந்தால்? ஒரு மனிதனின் வீட்டுக்கடனும் பிள்ளையின் படிப்பும் இன்னொரு மனிதன் எந்த நேரத்தில் தொலைக்காட்சி பார்க்கிறான் என்பதில் தொங்கலாமா? ஒப்பந்தம் என்பது காகிதம். அதற்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

சரி, அதட்டலுக்குப் பயந்துதான் நிறுவனம் பணிந்ததா? இண்டியானா மாநிலம் பத்து ஆண்டுகளில் 70 லட்சம் டாலர் சலுகை தந்தது. அப்போது மாநில ஆளுநர் யார்? துணை அதிபராகத் தேர்வாகியிருந்த மைக் பென்ஸ். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. அந்த 70 லட்சத்தில் ஆலையை விட்டுத் துரத்தப்படவிருந்த தொழிலாளி கட்டிய வரியும் இருக்கிறது. தன் வேலைக்குத் தானே மொய் எழுதியிருக்கிறான்!

அந்தத் தொகை நிறுவனத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. மெக்சிகோ போனால் ஆண்டுக்கு 6.5 கோடி டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டிருந்தவர்கள் அவர்கள். பிறகு ஏன் இருந்தார்கள்? நிறுவனத் தலைவரே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார்: எங்கள் வருமானத்தில் சுமார் 10 விழுக்காடு அரசிடமிருந்து வருகிறது, அது எனக்குத் தெரியாதா என்றார். போர் விமானத்துக்கு எஞ்சின் செய்து விற்கும் நிறுவனம் அரசைப் பகைத்துக்கொள்ளாது. ஆக, அதட்டல் பலித்தது உண்மை. ஆனால் அரசுக்கு விற்பவனிடம் மட்டுமே அது பலிக்கும். அதே பேட்டியில் அவர் இன்னொன்றும் சொன்னார். ஆலையில் போடப்போகும் 1.6 கோடி டாலர் முதலீடு இயந்திரமயமாக்கலுக்குப் போகும், அதனால் வேலைகள் குறையும். அதற்கு எதிரணியில் யாரும் கைதட்டவில்லை.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். 1,100க்கும் மேற்பட்ட வேலைகளைக் காப்பாற்றினேன் என்றார் அதிபர். கேரியர் தொழிலாளர்கள் இருக்கும் எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் 1999ஆம் எண் கிளைத் தலைவர் சக் ஜோன்ஸ் பட்டியலை எடுத்து எண்ணினார். ஆலைத் தளத்தில் தப்பியவை ஏறக்குறைய 800. மிச்சம் 300 அலுவலகம், ஆய்வுப் பிரிவு. அவை மெக்சிகோவுக்குப் போவதாகத் திட்டத்திலேயே இல்லை. போகாத வேலையையும் போனதாகக் கணக்கு வைத்து மீட்டிருக்கிறார்கள். அதிபர் பொய் சொல்கிறார் என்று ஜோன்ஸ் ஊடகங்களிடம் போட்டு உடைத்தார்.

சூட்டோடு சூடாக ட்விட்டரில் டிரம்பின் பதில் வந்தது. ஜோன்ஸ் தொழிலாளர்களுக்கு மோசமாகத் தலைமை தாங்கினார், நிறுவனங்கள் ஓடுவதில் வியப்பில்லை. பேச்சைக் குறையுங்கள், வேலையைப் பாருங்கள், சந்தாவைக் குறையுங்கள். நாட்டின் தலைமைப் பதவியை ஏற்கப்போகிறவர், ஒரு கிளைச் சங்கத் தலைவரின் பெயரைச் சொல்லி எழுதுகிறார். சிறிது நேரத்தில் ஜோன்ஸின் தொலைபேசிக்கு மிரட்டல்கள். உன் பிள்ளைகளைத் தெரியும் என்கிற வகையில். அவர் அசரவில்லை, முப்பது ஆண்டு சங்க வேலையில் இதையெல்லாம் பார்த்தாயிற்று என்றார். இதற்குப் பெயர்தான் தொழிலாளிக்கு ஆதரவான அதட்டலா? நிறுவனத்தின் தலைவரிடம் தொலைபேசியில் பேரம். சங்கத்தின் தலைவருக்குப் பொதுவெளியில் அதட்டல்!

இங்கே எதிரணிச் சகோதரி நல்ல கேள்வி ஒன்று வைத்தார்: "உங்கள் ஒப்பந்தம் ஆலையைப் பிடித்து நிறுத்தவில்லையே?" ஆமாம், நிறுத்தவில்லை. சங்கம் சலுகை தரவும் தயாராக இருந்தது, 6.5 கோடிக்கு ஈடு கட்ட முடியவில்லை. ஆலையை எங்கே வைப்பது என்ற முடிவில் அமெரிக்கச் சட்டம் சங்கத்துக்குப் பெரிய இடம் தரவில்லை. போவதற்கு என்ன விலை கொடுப்பது என்பதில்தான் பேச முடியும். போதாததற்கு, 2012இல் இண்டியானா 'வேலை செய்யும் உரிமை' என்ற அழகான பெயரில் ஒரு சட்டம் போட்டது. சங்கம் வாங்கித் தரும் ஊதியமும் வேண்டும், சந்தா மட்டும் வேண்டாம் என்பவருக்கு வழி விட்ட சட்டம் அது. கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, உனக்கு நீச்சல் தெரியவில்லை என்று மேலே நின்று சிரிப்பது நியாயமா? அப்படியும் அந்தச் சங்கம் பணிக்காலக் கணக்கில் இழப்பீடும், சில மாதங்களுக்கு மருத்துவக் காப்பீடும் எழுதி வாங்கியிருந்தது. யார் முதலில் போவது என்பதற்கு அங்கே ஒரு வரிசை உண்டு. மேலாளரின் முகதாட்சண்யம் அங்கே செல்லாது.

அதட்டலின் கதை எங்கே போய் முடிந்தது? கடந்த ஜூலை 20, பதவியேற்று சரியாக ஆறு மாதம். கேரியர் ஆலையிலிருந்து 338 பேர் வெளியே. இந்த வாரம் மறுபடியும் இருநூறுக்கும் மேற்பட்டோர். ஹன்டிங்டன் என்ற ஊரில் அதே தாய் நிறுவனத்தின் இன்னோர் ஆலை, 700 வேலை. அது மெக்சிகோ போவதை யாரும் தடுக்கவில்லை. கேரியருக்கு ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி ரெக்ஸ்னார்ட், தாங்குருளைகள் (பேரிங்) செய்யும் ஆலை. அதற்கும் அதிபர் ஒரு ட்வீட் போட்டார், 300 பேரைக் கொடூரமாக விரட்டுகிறார்கள் என்று. அவர்கள் போர் விமான எஞ்சின் விற்பவர்கள் இல்லையே. ஆலை மூடப்பட்டது.

ரெக்ஸ்னார்டில் இன்னொன்று நடந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு அதே இயந்திரத்தில் பயிற்சி தரும்படி, வேலை இழக்கப்போகிறவர்களையே கேட்டார்கள். இதைச் சொல்லும்போது இந்த அரங்கில் சிலர் தலை குனிவது தெரிகிறது. நம் கணினித் தொழிலில் இதற்குக் 'கே.டி.' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், வேலையறிவைக் கைமாற்றுவது) என்று பெயர். நடுவர் சிரிக்கிறார், அந்தக் கேடி இல்லை ஐயா, ஆனால் ரொம்பத் தூரமும் இல்லை. நானும் அந்த மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பது வயது கடந்த ஒரு பெண்மணி, இருபது ஆண்டுகளாகத் தாம் பார்த்த மென்பொருளை எனக்கு ஆறு வாரத்தில் சொல்லிக் கொடுத்தார். கடைசி நாள் தம் மேசையில் இருந்த தொட்டிச் செடியையும் என்னிடம் கொடுத்தார். தண்ணீர் எப்போது ஊற்ற வேண்டும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். அவருக்கும் சங்கம் இல்லை. எனக்கும் இல்லை. இருந்திருந்தால் நாங்கள் இருவரும் வேறு விதமாகப் பேசியிருப்போமோ என்னவோ.

கடந்த ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில், ஒரு கருவித் தொழிற்சாலையில் நின்று "அமெரிக்கப் பொருளை வாங்கு, அமெரிக்கரை வேலைக்கு எடு" என்று அதிபர் ஆணையில் கையெழுத்திட்டார். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம் போன்றவர்களின் அடிவயிறு கலங்கியது. உடனே மே மாதம் இன்ஃபோசிஸ் இரண்டு ஆண்டுகளில் 10,000 அமெரிக்கர்களை எடுப்பதாக அறிவித்தது. முதல் மையம் அதே இண்டியானாவில். இது அதட்டலின் வெற்றி என்றார் எதிரணித் தலைவர். ஐயா, அந்த இரண்டு ஆண்டு முடியட்டும். அதற்குள் ஒன்று கேட்கிறேன். விசாவை நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட்டு, வேலை போனால் அறுபது நாளில் புது வேலை அல்லது புறப்பாடு என்று வாழ்கிறவர்கள் நாம். உள்ளூர்க்காரன் ஊதியத்தைக் குறைக்க நம்மைக் காட்டுகிறார்கள். நம் வாயை மூட அவனைக் காட்டுகிறார்கள். இதில் அதிபர் யாரை அதட்டினார்? நம்மை!

கட்டுமானத் தொழிற்சங்கத் தலைவர்களே பதவியேற்ற மூன்றாம் நாள் வெள்ளை மாளிகைக்குப் போய்ப் புகழ்ந்துவிட்டு வந்தார்களே என்றார் சகோதரி. வந்தார்கள். மறுநாளே டிரம்ப் கீஸ்டோன் எண்ணெய்க் குழாய்த் திட்டத்துக்கு உயிர் கொடுத்தார். கட்டும் காலத்தில் ஆயிரக்கணக்கில் வேலை உண்டு. கொத்தனாரும் பற்றவைப்பவரும் ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை என்று வாழ்கிறவர்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கட்டி முடித்த பிறகு நிரந்தர வேலை எத்தனை? அரசின் சொந்த மதிப்பீடு 35. இந்த அரங்கில் சமையற்கட்டில் நிற்பவர்களே அதைவிட அதிகம்.

புதிய அதிபர்களைப் பார்த்துச் சங்கங்கள் ஏமாறுவது புதிதும் இல்லை. 1980இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சங்கம் ரீகனுக்கு ஆதரவு தெரிவித்தது. ரீகன் யார்? நடிகர் சங்கத்தின் முன்னாள் தலைவர். நம்மவர் என்று நினைத்தார்கள். 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம். 48 மணி நேரக் கெடு. பிறகு 11,345 பேர் பணிநீக்கம். அந்த அதட்டலைக் கேட்டு மற்ற முதலாளிகளுக்கும் தைரியம் வந்தது. 1983இல் நூற்றுக்கு இருபது பேர் சங்கத்தில் இருந்த நாட்டில், 2016இல் 10.7 விழுக்காடு.

கடைசியாக, இந்த வாரம் வியாழக்கிழமை. கடந்த மாதம் டிரம்ப் நிறுவன வரியை 35இலிருந்து 21 விழுக்காடாகக் குறைத்துக் கையெழுத்திட்டார் அல்லவா? அதன் பலன் பாருங்கள் என்றது எதிரணி: வால்மார்ட் தொடக்க ஊதியத்தை மணிக்கு 11 டாலராக்கியது, 1,000 டாலர் வரை ஊக்கத்தொகை! அந்த முழு ஆயிரம் யாருக்கு? இருபது ஆண்டு அங்கே உழைத்தவருக்கு. ஆண்டுக்கு ஐம்பது டாலர், மாதத்துக்கு நான்கு டாலர் சொச்சம். அதே வியாழக்கிழமை, அதே நிறுவனம் தன் சாம்ஸ் கிளப் கடைகளில் 63ஐ மூடுகிறது. சில ஊர்களில் வேலைக்குப் போனவர்கள் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். காலையில் ஊக்கத்தொகை, கதவில் பூட்டு. அங்கே சங்கம் இல்லை. இதைப் பேச்சுவார்த்தை மேசையில் எழுப்ப ஒருவரும் இல்லை.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தலைவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வேலை போகும் நிலையில் இருப்பவன் அதிபரை அழைக்கட்டும், அவர் நிறுவனத்தை அழைப்பார் என்றீர்கள். நல்லது. அந்தத் தொலைபேசி எண்ணைத் தொகுப்புரையில் சொல்லிவிட்டு உட்காருங்கள். ஹன்டிங்டனில் 700 பேருக்கு நான் அனுப்பி வைக்கிறேன்.