அமிர்திக்குப் புலி வந்தால் போதுமா?

அடுத்த கேள்வி காட்பாடியிலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. "அமிர்தி வன உயிரியல் பூங்காவைப் புதுப்பிப்பதென்றால் முதலில் புலி, சிங்கம் கொண்டுவர வேண்டாமா? வெறும் மானைப் பார்க்கவா கணியம்பாடி தாண்டி அவ்வளவு தூரம் போவது? அப்புறம், வீட்டில் வளர்த்த பச்சைக்கிளியை அங்கே கொண்டுபோய் விடலாமா?"

ஆசை நியாயமானதுதான். ஆனால் இடத்தைப் பாருங்கள். வண்டலூர் 602 ஹெக்டேர். 1967-இல் ஜவ்வாது மலைப் பக்கம் தொடங்கிய நம் அமிர்தி சுமார் 25 ஹெக்டேர். புலி என்றால் உலாவத் திறந்தவெளி, இரவுக்கு அறை, நோய் வந்தால் தனியே வைக்க இடம், தினமும் இறைச்சி, மருத்துவர் எல்லாம் வேண்டும். தக்க காரணம் இல்லாமல் ஜோடியின்றி நீண்ட நாள் வைத்திருக்கவும் விதி இடம் தராது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வந்த பிறகு, அதன் அங்கீகாரம் இல்லாமல் எந்தப் பூங்காவும் நடத்த முடியாது. இவ்வளவு செய்தும் கிடைப்பது வண்டலூரின் சின்ன நகல். அதற்கு வேலூர்க்காரர்கள் வண்டலூருக்கே போய்விடலாமே!

என்னைக் கேட்டால், அந்தப் பணத்தை மானுக்குச் செலவழிக்கச் சொல்வேன். சிரிக்காதீர்கள். புள்ளிமான் அசைபோடும் பிராணி. அதன் வயிறு தழைக்கும் புல்லுக்கும் ஆனது. கம்பி வழியாக நாம் நீட்டும் பிஸ்கட்டும் சோறும் உள்ளே போனால் வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். மான் தீனி எடுக்காமல் ஓரமாகப் படுத்துவிடும். உப்பு ருசிக்காக பிஸ்கட் கவரையும் சேர்த்து விழுங்கும். அந்த பிளாஸ்டிக் செரிக்காது, வெளியேயும் வராது, வயிற்றிலேயே பந்தாகச் சுருண்டு கிடக்கும். வேலிக்கும் நமக்கும் நடுவே கை எட்டாத அளவு இடைவெளி விட்டு, செடி நட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். உயிரியல் பூங்கா விலங்குக்குத் தீனி போடுவது, சீண்டுவது, கூச்சல் போட்டுத் தொந்தரவு செய்வது எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பலகையில் எழுதித்தான் வைக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்?

பலகையை விட ஆள் பேசினால் பிள்ளைகள் நிற்பார்கள். முதலைத் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயைப் பிளந்து அசையாமல் கிடக்கும் முதலையைப் பொம்மை என்று நினைத்துக் கல் எறிகிறார்கள். பக்கத்தில் ஒரு பராமரிப்பாளர் நின்று, "உடம்புச் சூட்டைத் தணிக்க வாயைத் திறந்து வைத்திருக்கிறது, முட்டை இருக்கும் மண்ணின் சூட்டைப் பொறுத்துத்தான் குட்டி ஆணா பெண்ணா என்பதே முடிவாகும்" என்று சொல்லட்டும். கல் எடுத்த பையன் கேள்வி கேட்க ஆரம்பிப்பான். வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். நரி, முள்ளம்பன்றி, உடும்பு, சந்தன மரம் என்று நம் மலைக்காட்டைச் சொல்லித் தரும் இடமாக அமிர்தி ஆனால், அதற்குப் புலி தேவைப்படாது.

சரி, கிளிக்கு வருகிறேன். பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. வீட்டில் கூண்டில் வளர்ப்பதே சட்டவிரோதம். அதற்காகப் பூங்காவில் யாருக்கும் தெரியாமல் திறந்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதற்கு நோய் இருந்தால் அங்குள்ள பறவைகளுக்கும் தொற்றும். கூண்டிலேயே வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, பூனையைக் கண்டால் பறக்கவும் தோன்றாது. பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். எங்கே வைப்பது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.