அளவைச் சொல்லுங்கள்: தாது பிரிக்கும் ரசாயனங்கள் பற்றி ஓர் உரை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, கடைசிவரை இருந்து கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்து வந்திருக்கும் சுரங்கத் துறை உயர் அதிகாரி அவர்களே, எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அவர்களே, தாது ஆலைகளில் மூன்று ஷிப்டும் நின்று உழைக்கும் தோழர்களே, மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. துணைவேந்தர் அவர்கள் இந்த அரங்கைத் தந்ததோடு மாணவர்களையும் அனுப்பி வைத்திருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, கனிமத்தை நுரையில் ஏற்றும் சேகரிப்பான்கள். இரண்டு, வேண்டாததை அடியில் அமுக்கும் தடுப்பான்கள். மூன்று, ஆலையில் ஓடிய தண்ணீரைச் சுத்தப்படுத்தி மறுபடி ஆலைக்கே கொண்டுவருவது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி உண்டு, நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்வது: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

நுரை மிதப்பு முறை மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாதுவை மாவுபோல அரைத்துத் தண்ணீரில் கலக்கி, தொட்டியில் விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். சேகரிப்பான் என்கிற ரசாயனம் நமக்கு வேண்டிய கனிமத் துகள்மேல் ஒட்டி, அதைத் தண்ணீர் பிடிக்காத துகளாக்கிவிடும். தண்ணீர் ஒட்டாத துகள் காற்றுக் குமிழைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். ஈயத் தாது ஓடும்போது அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள், சாம்பல் நிற நுரை பளபளவென்று மினுமினுத்துக்கொண்டே விளிம்பில் வழியும். வெறும் கல் கீழேயே தங்கிக் கழிவுக்குட்டைக்குப் போய்விடும்.

இதைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றி ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். கேரி எவர்சன் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி. பள்ளிக்கூட டீச்சர், எண்ணெய்ப் பிசுக்கேறிய தாதுச் சாக்குகளைத் துவைக்கும்போது தண்ணீரில் கனிமம் மிதப்பதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார் என்று ரொம்ப நாளாக ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வரலாறு பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவர் ஒரு டாக்டரின் மனைவி, சிகாகோவில் இருந்தவர், கணவர் சுரங்கத்தில் பணம் போட்டு நஷ்டப்பட்டவர். அந்த அம்மா தானே வேதியியல் படித்து, தாதுவையும் எண்ணெயையும் வைத்துப் பரிசோதனைக்குமேல் பரிசோதனை செய்து, 1886-ல் காப்புரிமை வாங்கினார். ஒரு பெண் உட்கார்ந்து படித்து உழைத்துக் கண்டுபிடித்தாள் என்று சொல்ல மனசு வராமல், துணி துவைக்கும்போது தட்டுப்பட்டது என்று சொல்லிவிட்டார்கள் பாருங்கள், எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்! (மாணவியர் பக்கம் கைதட்டல்.) கணவர் இறந்தபிறகு செவிலியராக வேலை பார்த்துப் பிழைத்தார். ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் சுரங்கங்களில் மிதப்பு முறை பெரிய தொழிலாக வளர்ந்தபோது அவருடைய காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. 1914-ல் காலமானார், கண்டுபிடிப்பால் பெரிதாக ஒரு வருமானமும் பார்க்காமலே.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், அந்த அம்மா பயன்படுத்தியது எண்ணெயும் கொழுப்பும், அதோடு அமிலமும். தாவரத்திலிருந்தும் விலங்கிலிருந்தும் கிடைப்பதையும் வைத்துத்தான் இந்தத் தொழிலே ஆரம்பித்தது. 1920-களில்தான் சாந்தேட் என்கிற செயற்கைச் சேகரிப்பான் வந்தது. டன்னுக்குச் சில பத்து கிராம் போட்டாலே கந்தகத் தாதுக்களைத் தூக்கிவிடும், அதனால் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அது ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து கார்பன் டைசல்பைடு ஆகும். எளிதில் தீப்பிடிப்பது, நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. நீரில் வாழும் உயிர்களுக்குச் சாந்தேட்டே ஆகாது. சில பத்து கிராம்தானே என்கிறார்களா? டன்னுக்கு 50 கிராம், நாளைக்கு 10,000 டன் அரைக்கிற ஆலை என்று வையுங்கள், தினம் 500 கிலோ.

தடுப்பான்களில் நிலைமை இன்னும் மோசம். துத்தநாகத்தையும் பைரைட் என்கிற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்தையும் அமுக்க சோடியம் சயனைடு, ஈயத்தை அமுக்க டைகுரோமேட். முன்னது அமிலம் பட்டால் விஷவாயு, பின்னதில் இருப்பது புற்றுநோய் தரும் ஆறு இணைதிறன் குரோமியம். இவற்றுக்கு மாற்று இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சயனைடுக்குப் பதில் துத்தநாக சல்பேட்டும் சல்பைட்டு உப்புகளும் பல ஆலைகளில் ஓடுகின்றன. டால்க் என்கிற மென்மையான கனிமத்தை அமுக்க கொத்தவரை இனப் பிசின், அதாவது குவார் கம், வெகுகாலமாகவே உண்டு. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பைரைட்டை அடக்குவதாக ஆய்வகங்களில் காட்டியிருக்கிறார்கள். பாக்டீரியாக்களையும் அவை சுரக்கும் பொருள்களையும் வைத்தே கனிமம் பிரிக்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது.

இரும்புத் தாதுவில் ஸ்டார்ச். மக்காச்சோள மாவை அப்படியே கொட்டினால் கரையாது, காஸ்டிக் சோடா விட்டுக் கிளற வேண்டும். கொஞ்ச நேரத்தில் கொழகொழவென்று கஞ்சி பதத்துக்கு வரும், அதை நீர்க்க விட்டுத்தான் தொட்டிக்கு அனுப்புவார்கள். அது ஹேமடைட் என்கிற இரும்புக் கனிமத்தைப் பிடித்துக் கீழே வைத்துக்கொள்ள, அமீன் என்கிற ரசாயனம் மணலை நுரையில் மேலே கொண்டுபோகும். ஸ்டார்ச் மக்கும், நல்லது. ஆனால் பக்கத்திலேயே வேலை பார்க்கும் அந்த அமீன் மீன்களுக்கு நஞ்சு. விளம்பரத்தில் ஸ்டார்ச்சின் பெயர் மட்டும்தான் வரும். சரி, ஸ்டார்ச்சாவது முழுக்கப் பாதுகாப்பா? டன்னுக்குச் சில நூறு கிராம் போகிறது. மிஞ்சியது குளத்துக்கோ ஆற்றுக்கோ போனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகித் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை இழுத்துவிடும், மீன் மூச்சு முட்டிச் சாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, நான் அடித்துச் சொல்வது இதைத்தான்.

அப்போது அளவை யார் சொல்வது? என் சண்டையே இதற்குத்தான். பசுமையானது, மக்கும் என்று நிறுவனங்கள் விற்கும் ரசாயனப் பீப்பாயில் ஒரு பச்சை இலைப் படம், ஒரு எழுத்து, ஒரு எண். உள்ளே என்ன என்று கேட்டால் வணிக ரகசியம் என்கிறார்கள். அதைத் தினமும் கையால் திறந்து ஊற்றுகிற தொழிலாளிக்கே பெயர் தெரியாது. கழிவுக்குட்டைக்குக் கீழே கிணறு வைத்திருப்பவருக்கு எங்கே தெரியப்போகிறது? மக்கும் என்கிறீர்களே, எத்தனை நாளில், எந்த வெப்பத்தில், மக்கி எதுவாக மாறுகிறது? கலவையின் விகிதம் உங்கள் ரகசியமாகவே இருக்கட்டும். ரசாயனத்தின் பெயர், டன்னுக்கு எத்தனை கிராம், ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கிலோ, வெளியேறும் தண்ணீரில் மிச்சம் எவ்வளவு, இந்த நான்கையும் ஒவ்வொரு ஆலையும் வாசலில் பலகை வைத்து, அந்தப் பகுதி மக்கள் பேசுகிற மொழியில், மாதாமாதம் எழுதிப் போட வேண்டும். இது சட்டமாக வேண்டும். உயர் அதிகாரி அவர்களே, நீங்கள் இங்கே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். அளவே தெரியாத ஊருக்கு அமிர்தம் எது, நஞ்சு எது?

நேரமாகிறது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவது பற்றி அடுத்து வரும் நண்பர் பேசுவார், அவருக்கு என் நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வாசலில் மனு வைத்திருக்கிறோம், ஆலைத் தோழர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நில்லுங்கள். நன்றி, வணக்கம்.