படைக்க இயலாத தீமை: டோல்கின் புராணத்தில் நன்மையும் தீமையும்

அவையோருக்கு வணக்கம்.

‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கின் 1973-இல் மறைந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் எழுதியும் திருத்தியும் வந்த புராணக் கதைகளை அவருடைய மகன் கிறிஸ்டோபர் தொகுத்து, 1977-இல் ‘சில்மரில்லியன்’ என்ற நூலாக வெளியிட்டார். அந்த நாவலின் கதையில் தீமை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் ‘சில்மரில்லியன்’ நூலின் முதல் சில பக்கங்களுக்குத்தான் போக வேண்டும்.

இலூவதார் என்னும் ஒரே இறைவன், தன் எண்ணத்தில் பிறந்த ஐனூர் என்னும் தேவகணங்களுக்கு ஓர் இசைக்கருவைத் தந்து, அதை விரித்துப் பாடச் சொல்கிறான். அவர்களுள் ஆற்றலிலும் அறிவிலும் மிக்கவனாகிய மெல்கோர், தன் பங்கு மட்டும் ஓங்கி ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில், பாட்டின் நடுவே தன் சொந்தக் கற்பனையைப் புகுத்த, அபசுரம் பரவுகிறது. இறைவன் அவனை அவையிலிருந்து விரட்டவில்லை. மேலும் இரண்டு இசைக்கருக்களை எழுப்புகிறான். துயரம் தோய்ந்த மூன்றாவது இசை, மெல்கோரின் வெற்றி முழக்கங்களையே எடுத்துத் தன்னுள் பின்னிக்கொள்கிறது. பின்னர் மெல்கோர் கடுங்குளிரை ஏவி நீரின்மேல் போர் தொடுத்தபோது பனித்துகள் பிறக்கிறது. நீருக்கு அதிபதியான உல்மோ, தான் நினைத்ததைவிட நீர் அழகாகிவிட்டது என்று வியக்கிறான். தீமை செய்ததை நியாயப்படுத்தும் பேச்சன்று இது. தீமைக்குத் தனக்கென்று ஒரு மூலம் கிடையாது என்பதே இங்கே நிலைநாட்டப்படுகிறது.

மெல்கோர் தேடியது உயிர் தரும் அழியாச் சுடரை. வெறுமையில் எவ்வளவு அலைந்தும் அது அவனுக்குக் கிட்டவில்லை, ஏனெனில் அது இறைவனிடமே இருந்தது. இதோடு அவுலேயின் கதையைச் சேர்த்துப் படிக்க வேண்டும்; என் பார்வையில் முழு நூலின் திறவுகோல் அதுதான். கைவினைத் தேவனாகிய அவுலேயும் பொறுமையிழந்து, இறைவனின் மக்களாகிய எல்ஃப்கள் என்னும் இறவா இனத்தவரும் மனிதர்களும் பிறப்பதற்கு முன்பே, மறைவாகக் குள்ளர்களைப் படைத்தவன். செயலளவில் பார்த்தால் மெல்கோரின் மீறலுக்கு இது சற்றும் குறைந்ததன்று. ஆனால் கேள்வி எழுந்தபோது, கற்பிப்பதற்கும் அன்பு செய்வதற்குமே உயிர்களை விரும்பினேன் என்று சொல்லி, அழுதபடியே தன் படைப்பை அழிக்கச் சுத்தியலை ஓங்குகிறான். குள்ளர்கள் அஞ்சி ஒடுங்குகிறார்கள். அவர்களுக்குச் சொந்த உயிர் ஏற்கனவே அருளப்பட்டுவிட்டது என்பதற்கு அந்த அச்சமே சான்று. கையிலிருப்பதை விட்டுக்கொடுக்க முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் உள்ள தொலைவே இந்தப் புராணத்தில் நன்மைக்கும் தீமைக்கும் உள்ள தொலைவு.

பிற உயிர்களை அடக்கியாளும் மோதிரத்தைச் செய்தவனும் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையின் பகைவனுமாகிய சௌரோனும் தொடக்கத்தில் அந்த அவுலேயின் பணியாளனே. ஒழுங்கை நேசித்தவன், குழப்பத்தையும் வீணடிப்பையும் வெறுத்தவன். உலகைச் சீர்படுத்தும் வேகத்தில், உலகில் வாழ்பவர்களின் விருப்பம் அவனுக்கு இடையூறாகத் தெரியத் தொடங்கியது. நல்லவர் பக்கம் நிற்கும் மந்திரவாதி காண்டால்ஃப் அந்த மோதிரத்தை ஏற்க மறுப்பதும் இதனால்தான்: இரக்கத்தின் வழியாகவே அது தன் நெஞ்சில் நுழையும் என்று அவர் அஞ்சுகிறார். காண்டால்ஃப் மோதிரத்தின் தலைவராகியிருந்தால் சௌரோனைவிடக் கொடியவராகியிருப்பார் என்று டோல்கினே ஒரு கடிதக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மோதிரத்தை எரிமலையில் எறிந்து அழிக்கப் போன ஃப்ரோடோவும் இறுதியில் தோற்கிறான். எரிமலையின் விளிம்பில் மோதிரம் தனக்கே உரியது என்று அறிவித்துவிடுகிறான். அதை அழிவுக்குக் கொண்டுசெல்வது, அவன் விரலைக் கடித்துப் பறித்துக் கால் தவறி விழும் கோல்லும், ஒருகாலத்தில் அந்த மோதிரத்தை வைத்திருந்து அதற்காகவே ஏங்கியவன். பல ஆண்டுகளுக்கு முன், ஃப்ரோடோவின் உறவினரான பில்போ இரங்கிக் கொல்லாமல் விட்டதால் உயிரோடிருந்தவன் அவன். வழியில் ஃப்ரோடோவும் அவனை விட்டுவைத்தான். வீரத்தால் முடியாததை இரக்கம் முடித்தது என்பது வரை இந்தக் கட்டமைப்பில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை.

குறை, தீயவர்களின் படையில் போரிடும் ஓர்க்குகள் என்னும் இனத்திடம் இருக்கிறது. தீமையால் படைக்க முடியாது, சிதைக்க மட்டுமே முடியும் என்றால், ஓர்க்குகள் சிதைக்கப்பட்ட உயிர்களாக இருந்தாக வேண்டும். பிடிபட்ட எல்ஃப்கள், மனிதர்கள், விலங்குகள் என்று டோல்கின் தம் பிற்காலக் குறிப்புகளில் பல தோற்றங்களை எண்ணிப் பார்த்தும், ஒன்றில் நிலைகொள்ளவில்லை. நாவலில் ஷாக்ராத், கோர்பாக் என்ற இரண்டு ஓர்க்குகள், பெரிய தலைவர்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாமா என்று பேசிக்கொள்கின்றன. மாபெரும் சிலந்தி கொட்டிக் கிடந்த ஃப்ரோடோவை அவன் தோழன் அப்படியே விட்டுப் போனதை எல்ஃப்களின் ஈனத்தனம் என்று இகழும் அவை, தம் கூட்டத்தான் ஒருவனைச் சிலந்தியிடமே விட்டுவந்ததைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கின்றன. நீதி எது என்று தெரியாதவர்கள் இப்படிப் பழி சொல்லமாட்டார்கள். ஆனால் ஹெல்ம்ஸ் டீப் என்னும் கோட்டையின் போர் முடிந்தபோது, ஓர்க்குகளோடு சேர்ந்து போரிட்டுச் சரணடைந்த மலைநாட்டு மனிதர்கள் மன்னிக்கப்படுகிறார்கள். ஓர்க்குகளில் ஒருவர்கூட உயிரோடு மிஞ்சவில்லை. கோல்லுமுக்குக் கிடைத்த இரக்கத்தை அந்தக் களத்தில் யாரும் எண்ணிப் பார்த்ததாகவும் டோல்கின் எழுதவில்லை.